மூன்று பள்ளிகளும் ஒரு டவுன் பஸ்ஸும்

அக்கா மகள் பாப்பா பத்தாம் வகுப்பில் 412 வாங்கியிருந்தாள். ரிசல்ட் வந்த அன்று மதியமே அக்கா போன் போட்டாள். அக்காவும் மாமாவும் சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார்கள். அங்கே மேட்டில் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கிறதுன்னு நீயே பாத்து முடிவு பண்ணு. நாங்க இறங்கி வந்து அலைய முடியாது. நல்ல பள்ளிக்கூடமா பாரு.”

அந்த ‘நல்ல’ என்ற சொல்லுக்காக மே மாதக் கடைசியில் இரண்டு வாரம் லீவு போட்டு அலைந்தேன். அலைந்ததை எழுதி வைக்கிறேன். அடுத்த மே மாதம் இன்னொரு சித்தியோ தாய்மாமனோ இதே சாலையில் அலையத்தான் போகிறார்கள்.

எங்கள் ஊர் தேனி மாவட்டம். போடியிலிருந்து சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை என்று உத்தமபாளையத்துக்குப் போகும் சாலையிலிருந்து மலைப் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்குப் பின்னால் மலை சுவர் வைத்தாற்போல் எழுந்து நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் இடுக்கி. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் தோட்டங்களுக்கு ஏறும், பொழுது சாயும்போது இறங்கும். அக்காவைப் போல அங்கேயே தங்கிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் அம்மாச்சி வீட்டிலோ அப்பத்தா வீட்டிலோ வளரும். பாப்பா என் அம்மாவிடம் வளர்கிறாள்.

இந்த மாதிரி ஊரில் பத்தாவது முடித்த பிள்ளைக்கு அரசுப் பள்ளி என்று பார்த்தால் மூன்று வழி இருந்தது. ஒன்று, எங்கள் ஊரிலேயே உள்ள பள்ளி. உயர்நிலைப் பள்ளியாக இருந்து சில வருடங்களுக்கு முன்னால்தான் மேல்நிலையாகத் தரம் உயர்த்தினார்கள். இரண்டாவது, ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கள்ளர் சீரமைப்புத் துறைப் பள்ளி. மூன்றாவது, பதினான்கு கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருக்கும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. பெயர்களைச் சொல்லவில்லை. மூன்றிலும் எங்கள் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள், மூன்றிலும் உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிற ஆசிரியர்களைப் பார்த்தேன்.

யாரிடம் கேட்டாலும் முதல் பதில் சதவீதம்தான். “அங்க நூறு பர்சென்ட்டு”, “அது எப்பவும் தொண்ணூறுதான்”, “டவுன் ஸ்கூல்ல போன வருசம் குறைஞ்சிருச்சு.” டீக்கடையில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள், ஜீப் டிரைவர்கூடச் சொன்னார். 2017இல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் வெளியிடுவதை நிறுத்தியபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு பிள்ளை படத்தைப் போட்டு லட்சம் பிள்ளைகளை அழ வைப்பது ஓய்ந்தது. ஆனால் அந்தப் பசி அப்படியே பள்ளிகளின் தேர்ச்சி விகிதத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர் அறையில் அந்தப் பலகையைப் பார்த்தேன். பச்சை நிறத்தில் அடித்த மரப்பலகை. ஆண்டு, தேர்வு எழுதியோர், தேர்ச்சி பெற்றோர், சதவீதம் என்று வெள்ளைப் பெயின்டில் கட்டம் போட்டு எழுதியிருந்தது. கடைசி இரண்டு வருடங்களுக்குப் பெயின்டர் வரவில்லை போல, சாக்பீஸில் இருந்தது. சாக்பீஸில் எழுதிய இரண்டுமே 100. தலைமை ஆசிரியர் அதைப் பெருமையாகக் காட்டினார். பெருமைப்பட அவருக்கு உரிமை உண்டு. சாயங்காலம் ஆறு மணிவரை உட்கார்ந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கிற மனிதர்.

எனக்கோ அந்தப் பலகையில் இல்லாத ஒரு கட்டம்தான் கண்ணில் பட்டது. ‘சேர்ந்தோர்’ என்ற கட்டம்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பள்ளியில் +1இல் 50 பேர் சேர்கிறார்கள். இரண்டு வருடத்தில் பத்துப் பேர் நின்றுவிடுகிறார்கள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம், ஒரு பையன் மலைக்குப் போய்விட்டான், ஒருவன் ஐ.டி.ஐ. பக்கம் போய்விட்டான், இன்னொருவனிடம் “உனக்கு இது ஒத்து வராதுப்பா, டி.சி. வாங்கிக்கிறயா” என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார்கள். மீதி 40 பேர் +2 எழுதி 40 பேரும் தேறினால் பலகையில் 100. இன்னொரு பள்ளியில் 200 பேர் சேர்ந்து, 192 பேர் எழுதி, 177 பேர் தேறுகிறார்கள். பலகையில் 92. டீக்கடையில் முதல் பள்ளிதான் நல்ல பள்ளி. சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் முதல் பள்ளி 80, இரண்டாவது 88க்கு மேல். வாசலில் வந்து நின்ற பிள்ளைகளில் எத்தனை பேரைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பதைத் தேர்ச்சி விகிதம் சொல்லாது.

வடிகட்டல் +1இல்தான் தொடங்கும் என்பதும் இல்லை. எட்டாவது வரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை. அதனால் ஒன்பதாவதில்தான் கத்தி விழும். தனியார் பள்ளிகள் இதைத் துணிந்து செய்யும். பத்தாவது பொதுத்தேர்வுக்கு முன்னால் தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளை ஒன்பதாவதோடு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் வந்து சேருவது பக்கத்து அரசுப் பள்ளியில்தான். மாட்டேன் என்று அது சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அப்புறம் அந்தப் பள்ளியின் சதவீதம் இறங்கினால் ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் காரணம் கேட்பார்கள். ‘மெல்லக் கற்கும் மாணவர்கள்’ என்று அலுவலக மொழியில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குள் எத்தனை ஏலத்தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எங்கள் பக்கத்து ஆசிரியர்களிடம் கேட்டால் தெரியும். ஆடி, ஆவணியில் பறிப்பு சூடு பிடித்தால் வகுப்பில் பெஞ்சு காலியாகத் தொடங்கும்.

சரி, சதவீதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வேறு எதைப் பார்ப்பது? இதற்கு வழி சொன்னது என் அம்மா. எட்டாவதுக்கு மேல் படிக்காதவர். நான் நோட்டில் ஸ்மார்ட் வகுப்பறை, ஹைடெக் லேப், மைதானம் என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். “அங்க வாத்தியாரு இருக்காகளா? எத்தன வருசமா இருக்காக?”

இந்தக் கேள்வியின் அருமை எனக்குத் தெரியும். 2004இல் நான் +2 எழுதினேன். அப்போது மொத்த மதிப்பெண் 1200, ஒரு பாடத்துக்கு 200. இயற்பியல் ஆசிரியர் ஆகஸ்டில் மாறுதலாகிப் போனார். பிறகு ஜனவரி வரை யாரும் வரவில்லை. கணக்கு ஆசிரியர் தன்னால் முடிந்ததை நடத்தினார். செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால்தான் முதன்முதலாக வெர்னியர் காலிப்பரைக் கையில் பிடித்தேன். அந்த வருடம் எங்கள் பள்ளியின் தேர்ச்சி விகிதம் நன்றாகவே இருந்தது. நானும் தேறினேன், இயற்பியலில் 200க்கு 94. பொறியியலுக்கு அப்போது நுழைவுத்தேர்வு இருந்த காலம். ஃபாரமே வாங்கவில்லை. அந்த ஆறு மாதத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பலகையில் நான் ‘தேர்ச்சி பெற்றோர்’ கட்டத்தில்தான் இருக்கிறேன்.

அதனால் மூன்று பள்ளியிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன். முதல் குரூப்புக்கு (கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல்) எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார், யார் நிரந்தரம், யார் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக வந்தவர், எந்தப் பணியிடம் காலி?

எங்கள் ஊர்ப் பள்ளியில் பதில் உடனே கிடைத்தது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. தரம் உயர்த்தப்பட்ட பள்ளிகளுக்கு முதுகலை ஆசிரியர் பணியிடங்களைக் கொஞ்சமாகத்தான் கொடுப்பார்கள். அங்கே கணக்கும் வேதியியலும் தற்காலிக ஆசிரியர்கள். அறிவியலில் ஒரு குரூப், வணிகவியலில் ஒரு குரூப், அவ்வளவுதான். வேதியியல் எடுக்கிற பெண் நன்றாகப் படித்தவர், எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். “தேர்வுல பாஸாகிட்டா போயிருவேங்க்கா, இல்லாட்டியும் அடுத்த வருசம் என்னைக் கூப்பிடுவாங்களான்னு தெரியாது” என்றார். நேர்மையான பதில். +1இல் ஒருவர், +2இல் இன்னொருவர் என்றால் பிள்ளை தாங்குமா என்பதுதான் என் கவலை.

ஆய்வகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேடைமேல் இலவசப் பாடப்புத்தகக் கட்டுகள், ஓரமாகப் புத்தகப்பை மூட்டைகள், சுவரோரம் சைக்கிள் அட்டைப்பெட்டிகள். கிராமத்துப் பள்ளிகளில் இது புதிதல்ல. நலத்திட்டப் பொருட்கள் லாரியில் வந்து இறங்கும், வைக்கத் தனி அறை கிடையாது, பெரிய அறை ஆய்வகம்தான். அந்தக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு ப்யூரெட் ஸ்டாண்டு மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

டவுன் பள்ளியில் நிலைமையே வேறு. எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கிறது. பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், தனி உயிரியல், வணிகவியல், தொழிற்கல்வியில் நர்சிங் என்று எல்லா குரூப்பும் உண்டு. ஏன் அங்கே மட்டும் எல்லாரும் இருக்கிறார்கள்? பொதுமாறுதல் கலந்தாய்வு நடக்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் விளங்கிவிடும். காலியிடப் பட்டியல் வெளியாகும். முன்னுரிமை வரிசைப்படி ஒவ்வொருவராக இடம் எடுப்பார்கள். முன்னால் நிற்பவர் பஸ் வசதி உள்ள, தன் வீட்டுக்குப் பக்கமான டவுன் பள்ளியை எடுப்பார். எடுக்கத்தான் செய்வார், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாரும் எடுத்தபின் மிஞ்சுவது மலையடிவாரம். புதிதாகத் தேர்வாகி வருகிறவர்களுக்கு அதுதான் கிடைக்கும். அவர்களும் மாறுதலுக்குத் தகுதி வரும்வரை இருப்பார்கள், பிறகு கிளம்புவார்கள். யாரும் தப்பு செய்யவில்லை. ஆனால் வருடா வருடம் தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோல, அனுபவமெல்லாம் டவுனை நோக்கி ஓடிவிடுகிறது. ஆசிரியருக்கு ஊக்கத்தொகையோ தங்க வீடோ கொடுத்து உள்ளூரில் நிறுத்தினால்தான் இது மாறும் என்று நினைக்கிறேன்.

டவுன் பள்ளியின் குறை என்று பார்த்தால் கூட்டம். சேர்க்கைக்கு வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. போன வருடம் ஒரு அறையில் எண்பது பேர்வரை உட்கார்ந்தார்கள் என்று பெற்றோர் ஒருவர் சொன்னார். பாப்பா தானாகவே உள்ளே போய் சீனியர் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி: ரெஸ்ட் ரூமில் தண்ணீர் வருகிறதா? காலையில் வரும், மத்தியானத்துக்கு மேல் வராது என்றார்களாம். என் நோட்டில் இந்தக் கேள்வி இல்லை. பதினைந்து வயசுப் பெண்ணுக்கு அது பாடத்திட்டத்தைவிடப் பெரிய விஷயம். காலையில் குடிக்கிற தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பிள்ளைகளை எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்திருக்கிறேன். உடனே நோட்டில் எழுதிக்கொண்டேன். மற்ற இரண்டு பள்ளிக்கும் திரும்பிப் போய்ப் பார்த்தோம்.

மூன்றாவது, கள்ளர் பள்ளி. மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் விசித்திரமாக இருக்கலாம். சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய பிரிட்டிஷ் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கொடுமையிலிருந்து வந்த பெயர் அது. கைரேகைப் பதிவை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் திரண்டு நின்றபோது போலீஸ் சுட்டதில் பலர் உயிரிழந்தார்கள். அதே காலத்தில் ‘சீரமைப்பு’ என்று பெயர் வைத்துத் தொடங்கிய திட்டத்தில்தான் இந்தப் பள்ளிகளும் வந்தன. இன்று ஏறக்குறைய 300 பள்ளிகள், அவை போக விடுதிகளும் இருக்கின்றன. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப் போவதாக 2023 பட்ஜெட்டில் அறிவித்தபோது எங்கள் பக்கம் எதிர்ப்பு பலமாக எழுந்தது. 2024இல் நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. இரண்டு பக்கத்து நியாயத்தையும் கேட்டிருக்கிறேன். பெயர் போகலாம், அந்த வரலாறு போகக்கூடாது என்பது என் எண்ணம்.

ஆனால் நான் தேடிப் போனது வேறு. அந்தத் துறை தனி அலகு. அதன் ஆசிரியர்கள் மாறினாலும் பெரும்பாலும் அந்த மூன்று மாவட்டத்துக்குள், அந்தப் பள்ளிகளுக்குள்தான் மாறுவார்கள். நான் போன பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பதினோரு வருடமாக இருக்கிறார். வேதியியல் ஆசிரியருக்கு எட்டு வருடம். கணக்கு எடுப்பவர் அதே பள்ளியில் படித்தவர். விலங்கியல் ஆசிரியர் மட்டும் மே மாதம் ஓய்வு பெற்றிருந்தார். “அந்த இடத்துக்கு ஆள் வரும்னு எதிர்பாக்கிறோம். அதுவரைக்கும் தாவரவியல் சார் ரெண்டையும் பாத்துக்குவாரு” என்றார் தலைமை ஆசிரியை. அவருடைய அறையிலும் பலகை இருந்தது. சதவீதம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. போன வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் வருகைப் பதிவேட்டை எடுத்து விரித்து வைத்துவிட்டார். நின்றுபோன ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் பென்சிலில் குறிப்பு இருந்தது. ‘திருப்பூர்’, ‘திருமணம்’, ‘வீட்டுக்குப் போனேன், இல்லை’, ‘மீண்டும் வந்தாள்’. அந்தக் கடைசிக் குறிப்பு இரண்டு இடத்தில் இருந்தது. ஒரு பள்ளியைப் பற்றி எனக்கு அதைவிட அதிகமாகச் சொன்ன காகிதம் எதுவும் இல்லை.

ஆய்வகம் திறந்திருந்தது. பழைய கட்டடம், ஓட்டுக்கூரை. பாட்டில்களில் லேபிள் கையால் எழுதி, மேலே செலோடேப் ஒட்டியிருந்தது. கோடை விடுமுறையிலும் வேதியியல் ஆசிரியர் வந்து சோதனைக் குழாய்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். வலது கை ஆள்காட்டி விரலில் நைட்ரிக் அமிலம் பட்ட மஞ்சள் கறை. ஆய்வக உதவியாளர் இருக்கிறாரா என்று கேட்டேன். “நான்தாங்க” என்று சொல்லிவிட்டு எண்ணுவதைத் தொடர்ந்தார்.

கழிப்பறையில் தண்ணீர் வந்தது. பாப்பா திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

இடையில் பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, கடன் வாங்கியாவது தனியார் ரெசிடென்ஷியல் பள்ளி. ஒரு காலத்தில் எங்கள் ஊரிலிருந்தும் நாமக்கல், ராசிபுரம் பக்கம் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டவர்கள் உண்டு. இப்போது அதில் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. 2020இல் கொண்டுவந்த சட்டப்படி, ஆறாவதிலிருந்து +2 வரை அரசுப் பள்ளியிலேயே படித்து நீட்டில் தேறியவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. 2021இல் அதைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் விரித்தார்கள். கள்ளர் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி எல்லாம் இதில் அரசுப் பள்ளிதான். +1க்கு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றினால் ஐந்து வருடம் அரசுப் பள்ளியில் படித்ததற்கு ஒரு பலனும் இல்லாமல் போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கும் இந்த ஒதுக்கீடு கிடையாது. ‘உதவி பெறும்’ என்பதையும் ‘அரசு’ என்பதையும் ஒன்றாக நினைத்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இன்னொன்று மாவட்ட மாதிரிப் பள்ளி. தங்கிப் படிக்கிற அரசுப் பள்ளி, நல்ல வாய்ப்பு. ஆனால் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் படிக்கிற இடம் அது. அதோடு ஊர்ப் பள்ளியை ஒப்பிட்டு ‘பாருங்கள், அங்கே எப்படி’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. பாப்பா விடுதிக்குப் போகமாட்டேன் என்றாள். அம்மாச்சியைத் தனியாக விட மனசில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆக, கள்ளர் பள்ளியா டவுன் பள்ளியா? இங்கேதான் பஸ் வருகிறது.

மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கிறது, பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021இலிருந்து கட்டணம் இல்லை. +1 சேர்ந்தால் சைக்கிளும் உண்டு. காசு பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. டவுன் பள்ளி விட்டு, ஸ்பெஷல் கிளாஸும் முடிந்து வெளியே வர ஐந்தரை ஆகும். எங்கள் ஊருக்குள் வரும் டவுன் பஸ் 4.50க்குப் புறப்பட்டுவிடும். அடுத்தது 7.10. இடைப்பட்ட நேரத்தில் மெயின் ரோட்டு பஸ்ஸைப் பிடித்தால் விலக்கில் இறங்கி இரண்டரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் ஒரே ஒரு தெருவிளக்கு. நானே ஒரு நாள் அந்த 7.10 பஸ்ஸில் வந்து பார்த்தேன். ஊர் வந்து சேர எட்டு மணி. அதன்பின் சாப்பிட்டு, அசதியில் என்ன படிப்பாள்? 4.50 பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளைகள் ஸ்பெஷல் கிளாஸை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். அதே அறையில் உட்கார்ந்து, அதே ஆசிரியரிடம் படித்தாலும் டவுன் பிள்ளைக்குக் கிடைக்கிற பள்ளி வேறு, எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்கிற பள்ளி வேறு.

கள்ளர் பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர். சைக்கிளில் அரை மணி நேரம். எங்கள் தெருவிலிருந்து நான்கு பிள்ளைகள் சேர்ந்து போகிறார்கள், இருட்டுவதற்குள் வந்துவிடலாம். அங்கேயே சேர்த்தோம்.

சேர்த்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. சத்துணவு பத்தாவது வரைதான். காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியோடு சரி. +1, +2 பிள்ளைகளுக்கு மத்தியானம் அவரவர் கொண்டுவருவதுதான். பத்தாவது வரை வாரம் ஐந்து நாளும் முட்டையோடு சாப்பிட்ட பிள்ளை, பதினொன்றாவதில் சேர்ந்ததும் தூக்குவாளியைத் தேடுகிறது. நூறு நாள் வேலைக்குக் கிளம்பும் என் அம்மா இப்போது நாலரைக்கே எழுந்து உலை வைக்கிறார். கொண்டுவராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாப்பா இரண்டு பேருக்குச் சேர்த்துக் கட்டச் சொல்கிறாள், யாருக்கு என்று சொல்வதில்லை. பசி பத்தாவதோடு முடிந்துவிடுகிறதா? சத்துணவை +2 வரை நீட்ட வேண்டும் என்று எழுதுகிற இடத்திலெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன்.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது +1 பொதுத்தேர்வு அந்தக் கல்வியாண்டு முதல் கிடையாது என்று அறிவித்தார்கள். 2018இல் முதன்முதலாக நடந்த தேர்வு இத்தோடு நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற பாரம் குறைந்தது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பயமும் இருக்கிறது. அந்தத் தேர்வு வருவதற்கு முன்பு பல பள்ளிகளில் +1 பாடத்தை ஓரம் கட்டிவிட்டு நேரே +2 பாடத்தை நடத்தியது எங்கள் தலைமுறைக்கு மறக்கவில்லை. அடிப்படை எல்லாம் +1இல்தான் இருக்கிறது. மறுபடியும் பலகையில் ஏறப்போவது +2 சதவீதம் மட்டும்தான் என்றால், +1 பாடம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு பெற்றோர் தலையில் விழுகிறது.

பாப்பாவின் பள்ளியில் நடக்கிறது. போன மாதம் வேதியியல் செய்முறை முடித்துவிட்டு வந்து ராத்திரி போன் போட்டாள். “சித்தி, ஒரே ஒரு சொட்டு. அதுவரைக்கும் வெள்ளையா இருந்துச்சு. ஒரு சொட்டு விழுந்ததும் ரோஸ் ஆயிருச்சு. சார் மறுபடி கொட்டிட்டு இன்னொரு தடவ செய்யச் சொன்னாரு, அதே ரீடிங் வந்துச்சு.” மூன்று தடவை அதையே சொன்னாள். நான் எனக்கு அது தெரியாதது போலவே மூன்று தடவையும் கேட்டேன்.

விலங்கியல் பணியிடம் இன்னும் நிரம்பவில்லை. தாவரவியல் ஆசிரியர் சனிக்கிழமையும் வருகிறார், எத்தனை மாதத்துக்கு அப்படி ஓட முடியும்? அக்காவால் வர முடியாது என்பதால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு இந்த வெள்ளிக்கிழமை நான் போகிறேன். தீர்மான நோட்டில் எழுதச் சொல்ல மூன்று விஷயம் வைத்திருக்கிறேன்: விலங்கியல் ஆசிரியர், ஆய்வக உதவியாளர், 5.40க்கு ஒரு டவுன் பஸ். பஸ் எங்கள் பள்ளிக்கு மட்டும் இல்லை, டவுன் பள்ளியில் படிக்கிற பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அவர்கள் வீட்டுப் பெரியவர்களில் இரண்டு பேரைத் தவிர எல்லாரிடமும் நேற்றுத்தான் கையெழுத்து வாங்கி முடித்தேன். அந்த இரண்டு பேரும் மலையில் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் இறங்கும்போது வாங்க வேண்டும்.